புதுச்சேரி கேட், வேலூர் கேட், வாத்து கேட்

சித்தாமூர் பார்சுவநாதர் சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த காலத்தில் பொய் சொன்னால் கொஞ்சம் லாபம் இருந்தது. கதை எழுதுவதில் அதுவும் இல்லை என்று கேள்விப்பட்டேன். ஆகவே உண்மையையே சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதம், செஞ்சிக் காலைநடை நண்பர்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில், ராஜாங்கம் வாத்தியார் மேடையில் ஏறி என்னைப்போல நடந்து காட்டினார். ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். அவர் நடை வேறு: முழங்காலை வயிறு வரைக்கும் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று தரையில் போடுவார். பரேடு நடை என்று அதற்கு அவரே பெயர் வைத்திருந்தார். அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டி, பின்பக்கத்தைத் தள்ளி, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்துக்கொண்டு மைக் வரை வந்தார். வந்து, மைக்கில் "க்வாக்" என்றார். கல்யாண மண்டபமே சிரித்தது. அதை மன்னித்திருப்பேன். முன்வரிசையில் என் மனைவி இந்துமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு விக்கல் வரும்வரை சிரித்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் சொன்ன எந்தக் கதைக்கும் அவள் விக்கியதில்லை.

என் நடைக்குக் காரணம் உண்டு. நாங்கள் சமணர்கள்; ஊரில் நயினார் என்பார்கள். கீழே எறும்பு போனால் காலை அகட்டி வைத்து வழி விடுகிற வம்சம். செஞ்சியில் எறும்பு அதிகம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? மறுநாள் காலை டீக்கடைத் தனகோட்டி உள்ளே பார்த்து, "வாத்து நயினாருக்கு சக்கரை இல்லாம ஒண்ணு!" என்று குரல் கொடுத்தான். அவ்வளவுதான். முடிந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் ஆபத்து புரியாது. எங்கள் ஊரில் பட்டப்பெயர் ஆள் செத்தால் சாவதில்லை. கண்ணீர் அஞ்சலி பேனரில் ஏறிக்கொள்ளும். போன வருஷம் பஸ் ஸ்டாண்டு எதிரில், நாலு ஆள் உயரத்துக்கு, 'அரைடிக்கெட்' வீராசாமி இயற்கை எய்தினார் என்று வைத்திருந்தார்கள். மனிதர் தாசில்தார் ஆபீசில் பெரிய வேலை பார்த்தவர். என் பேனரை நான் கண்ணை மூடினாலே பார்க்க முடிந்தது. புறா பறக்கிறது, மெழுகுவத்தி எரிகிறது, நடுவில் நான், என் தலைக்கு மேல் 'வாத்து'. அதைப் போட வைத்தவன் கீழே நின்று மாலை போடுவான். பகை வைப்பது உயிர்வதையில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் எலும்பு டாக்டர் ஒருவர் என் இடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நடைக்குன்னே தனியா ஒரு படிப்பு இருக்குது பெரியவரே. கினீசியாலஜி. உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்கான்" என்றார். எனக்குத் தேவை அதுதான். என் நடை சரி, ராஜாங்கத்தின் நடை தப்பு என்று எவனாவது ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருக்க மாட்டானா? அங்கிருந்தே, கடலோரத்தில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினேன். சொல் மறந்துவிடக் கூடாதென்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். கண்டக்டர் வந்ததும் "கினீசியாலஜி ஒண்ணு" என்று சில்லறையை நீட்டிவிட்டேன். அங்கே நிற்காது என்றார். சோப்புக்கட்டி கரைவதுபோலச் சொல்லும் கரைந்தது. கிளியனூரில் கிஞ்சியாலஜி ஆயிற்று. அந்தப் பல்கலைக்கழக வாசலில் நான் இறங்கியபோது ஜிஞ்சியாலஜியாக இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு நல்ல பெண் வேலை பார்க்கிறது.

நூலகத்தில் அப்படி ஓர் அமைதி. என் முட்டி போட்ட சத்தத்துக்கு மூன்று பேர் திரும்பி உஷ் என்றார்கள். மேசையில் இருந்த பெண்ணிடம் ஜிஞ்சியாலஜி ஆராய்ச்சியெல்லாம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, நீங்க செஞ்சியா?"

"ஆமாம்மா."

"நான் பக்கத்துல தொண்டூரு. பீமாராவ் பொண்ணு, சுவாதி. நம்ம ஊருக்குன்னு தனி சப்ஜெக்டே வந்துடுச்சா? எனக்குத் தெரியவே இல்ல பாருங்க!"

வெள்ளைக்காரன் செஞ்சியை ஜிஞ்ஜி என்று எழுதிவைத்துவிட்டுப் போனான். பஸ் போர்டில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. வேறு எந்த ஊர்க்காரி அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இந்தத் தவறு நடந்திருக்காது. சுவாதி ஓடிப்போய் செஞ்சிக் கோட்டையைப் பற்றி அங்கே இருந்த புத்தகங்களையெல்லாம் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது. ராஜாவும் குதிரையும் அட்டையிலேயே இருந்தார்கள். நான் ஒன்றையும் திறக்கவில்லை. அதற்குப் பின்னால் வருத்தப்பட்டேன், சொல்கிறேன்.

"இதுல நடை எங்கம்மா இருக்குது?" என்றேன். விஷயத்தைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியது. "அப்ப நீங்க கேட் பத்தித் தேடணுங்க."

"கேட்டா? புதுச்சேரி கேட்டா, வேலூர் கேட்டா?" எங்கள் கோட்டையில் பேர்போனவை அந்த இரண்டுதான்.

"ஐயோ, அந்த கேட் இல்லீங்கய்யா. நடைக்கு இங்கிலீஷ்ல கேட்டுன்னுதான் பேரு. எழுத்து வேற."

தேடினோம். முதலில் கால்பந்துக்காரர்கள் வந்தார்கள். இடுப்பு என்று சேர்த்துப் போட்டதும் ஒட்டகச்சிவிங்கி வந்தது. வயசாளி என்று சேர்த்ததும் பல்லாயிரம் வந்தது. உலகத்தில் ஒரு கிழவனும் நேராக நடப்பதில்லை போலிருக்கிறது. கடைசியில் சுவாதி, "ஐயா, கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றது. அலமாரிகளுக்கு நடுவில் போய்த் திரும்பி வந்தேன். நான் நடந்த அதிர்வில் மேல்தட்டிலிருந்து தடிப்புத்தகம் ஒன்று கீழே விழுந்து, சரியான பக்கத்தில் திறந்துகொண்டது. நம்ப வேண்டாம், போய்ப் பாருங்கள், அந்த இடத்தில் டைல்ஸ் விரிசல் விட்டிருக்கும். பக்கத்தில் படம். இடுப்பு ஒரு பக்கம் சரிந்து, கால் அகண்டு, என்னைப்போலவே ஒருவன். மூக்கு மட்டும் வேறு.

கண்ணாடி கொண்டுபோகவில்லை. அதனால்தான், "இன்னாம்மா போட்டிருக்குது?" என்று கேட்டேன்.

"வாட்லிங் கேட்டுன்னு போட்டிருக்குங்க."

"அப்படின்னா?"

சுவாதி மின்விசிறியைப் பார்த்தது. பிறகு திரையில் இருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தது. "வாத்து நடைங்கய்யா."

ராஜாங்கம் மைக்கில் சொன்ன க்வாக்கை உலகத்து டாக்டர்கள் எல்லோரும் ஒன்றுகூடி அச்சடித்து, அட்டை போட்டு, நம்பர் ஒட்டி அலமாரியில் அடுக்கியிருக்கிறார்கள். மேடையில் அவமானப்பட்டது பாதி, நூலகத்தில் பட்டது மீதி. இதற்கு மேல் இழக்க ஒன்றும் இல்லை என்றதும் மனம் தெளிந்துவிட்டது. "இந்த மாதிரி எத்தனை நடை இருக்குதோ அத்தனையும் ஜெராக்ஸ் போட்டுக் குடும்மா" என்றேன். சமணன் என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டிய ஆள் நான். அன்றைக்குப் பட்டினியாகவே ஊர் திரும்பினேன். பசியே தெரியவில்லை.

அந்தத் தாள்களை வீட்டில் வரி விடாமல் படித்தேன். கத்தரி நடை, குடிகார நடை, காலில் காந்தம் ஒட்டிய நடை என்று எத்தனையோ இருந்தன. பிறகு அது வந்தது. முழங்காலை மேலே தூக்குகிறான், பாதம் துணிபோலத் தொங்குகிறது, தொப்பென்று விழுகிறது. நாக்கில் சக்கரை போட்டதுபோல இருந்தது எனக்கு. பரேடாவது மண்ணாவது! அதற்குப் பெயர் குதிரை நடை. கீழே பொடி எழுத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. பாதத்தைத் தூக்குகிற நரம்பு சோர்ந்துபோனால் வருவது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வரலாம். உணர்ச்சியும் மங்கிவிட்டால் காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாது.

மாதக் கூட்டம் கோட்டை டிக்கெட் கவுண்டருக்கு எதிரில் நடக்கும். எழுந்து நின்றேன். கையில் தாள்கள்.

"நம்ம வாத்தியார் நடக்கறது பரேடு நடை இல்ல. குதிரை நடை! நான் சொல்லல. சயின்ஸ் சொல்லுது."

பின்வரிசையிலிருந்து தனகோட்டி எழுந்தான். "குதிரையா? அட, நம்ம ராஜா குதிரையாட்டமா!" அவ்வளவுதான், கைதட்டல் மலையில் மோதித் திரும்பி வந்தது. யாரோ விசில் அடித்தார்கள். ராஜாங்கம் எழுந்து, நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். "இன்னா நயினாரே, படிச்சவரு சொன்னா சும்மாவா!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். இது ராஜா குதிரை ஏறிய ஊர். இங்கே ஒருவனைக் குதிரை என்றால் அது வசவு இல்லை, பட்டாபிஷேகம். சுவாதி முதலில் தள்ளிக்கொண்டு வந்த புத்தகங்களில் ஒன்றையாவது திறந்திருந்தால் இந்த மடத்தனத்தைச் செய்திருக்க மாட்டேன். அவர் பேனரில் 'ராஜா குதிரை' என்று வரும், வாலோடு. என் பேனரில் வாத்து.

பொடி எழுத்தில் இருந்ததை நான் அங்கே வாய்விட்டுப் படிக்கவில்லை. படித்திருந்தால் கைதட்டல் நின்றிருக்கும். வாயில் அடக்கிக்கொண்டேன். அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு போகட்டும், மீதி என்னிடம் இருக்கிறது என்று நினைத்தபோது, அந்த மாதத்தில் முதல்முறையாக எனக்கு இனித்தது.

மறுநாள் காலை திருவண்ணாமலை ரோட்டில் அவர் முன்னால் போனார், நான் பின்னால். வழியில் டீக்கடையிலிருந்து ஒருவன், "வாங்க ராஜா குதிர!" என்றான். அவர் கையைத் தூக்கினார். இடது கால் மேலே போயிற்று, தொங்கியது, விழுந்தது. அடுத்த அடியில் செருப்பு கழன்று ரோட்டிலேயே தங்கிவிட்டது. அவர் நிற்கவில்லை. திரும்பவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக, ஜல்லி கிடக்கிற ரோட்டில், முழங்காலை வயிறு வரை தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார். நான் செருப்பிடம் வந்து நின்றேன். குதிகால் பள்ளத்தில் இன்னும் ஈரம் இருந்தது. ஓர் எறும்பு வரிசை அதுவரைக்கும் நேராக வந்து, அதைச் சுற்றி வளைந்து போனது. அவற்றுக்கு வழிவிட்டுக் காலை அகட்டி வைத்துக்கொண்டு, அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

வீட்டில் வரி விடாமல் படித்தேன் என்றது மட்டும் பொய். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அந்த ஜெராக்ஸ் தாள்களைப் பொடி எழுத்துவரை எனக்குப் படித்துச் சொன்னவர் ராஜாங்கம் வாத்தியார்.