நூற்றிருபத்தொன்றாவது விரிப்பு

இப்போதெல்லாம் எவனும் காரணமில்லாமல் பல்லைக் காட்டுவதில்லை. மாடிப்படியில் ஒருத்தன் வணக்கம் வைத்தால், அடுத்த படியிலேயே ஏணி இரவல் கேட்பான். போன ஏணி போனதுதான்.

இது என் மகளுக்கு ஏறாது. சலவைக்கடை நடத்துகிறாள். தெருவில் யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் கிடந்தாலும், திங்கட்கிழமை காலை அவர்கள் துணியைக் கடையின் பெரிய மெஷினில் துவைத்துக்கொள்ளலாம். காசு கிடையாது. சோப்பும் கரண்டும் நம்முடையது. காயவைக்கும் மெஷின் வந்தபோது, துணி உலர்த்தி இஸ்திரி போட இரண்டு பெண்கள் எதற்கு, ஒருத்தியை நிறுத்து என்றேன். கேட்கவில்லை.

"மெஷின் வந்ததுக்கு அவங்க என்னப்பா பண்ணுவாங்க?"

பள்ளிக்கூடம் பார்க்காத எனக்குத் தெரிந்த வியாபாரம் படித்தவளுக்குத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை அந்தக் காயவைக்கும் மெஷின் புகையைக் கக்கிவிட்டு நின்றது. லாட்ஜிலிருந்து வந்த நூற்றிருபது படுக்கை விரிப்புகள் கூடை கூடையாக ஈரத்தோடு கிடந்தன. ஐந்து மணிக்குள் வராவிட்டால் வேறு கடை பார்ப்பேன் என்று லாட்ஜ் மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். கடைக்குப் பாதிச் சோறு அந்த லாட்ஜ்தான். அது போனால் இரண்டு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான். மகள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி தெருவுக்குள் ஓடினாள். அரைமணி நேரத்தில் வாசலில் பத்துப் பதினைந்து பேர். முன்னால் நின்றவன் எதிர்வீட்டுத் தையல்காரன்.

"எங்கம்மா துணி நாலு வருஷமா இங்கதான் வெளுக்குது. இன்னிக்கு உங்க துணி எங்க மாடியில காயட்டும்."

ஆளுக்கொரு கூடையைத் தூக்கினார்கள். நான் விடுவேனா? எந்த வீட்டுக்கு எத்தனை என்று எண்ணி, சாக்பீஸால் சுவரில் கோடு போட்டேன்.

"பெரியவரே, கைரேகை வேணாமா?" என்றான் தையல்காரன்.

மை இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

நல்ல வெயில். தெரு முழுக்க மொட்டைமாடிகள் வெள்ளையாயின. மூன்று மணிக்கெல்லாம் எல்லாக் கூடையும் திரும்பிவிட்டது. பெண்கள் இருவரும் இஸ்திரி போட்டுத் தள்ள, நான் உட்கார்ந்து எண்ணினேன். நாலைந்தாவது குறையும் என்று மகளிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். நூற்றிருபத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினேன். அதே நூற்றிருபத்தொன்று. லாட்ஜ் துணியில் மூலைக்கு மூலை சிவப்பு நூல் அடையாளம் இருக்கும். ஒன்றில் மட்டும் இல்லை; நடுவில் ஒட்டுப்போட்டிருந்தது. எவரோ அவசரத்தில் சொந்தத் துணியையும் சேர்த்து உருவிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"குறையும்னு சொன்னீங்களே அப்பா?" மகள் சிரித்தாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

"கூடினாலும் கணக்குத் தப்புதான்."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது லாட்ஜ் வேன் நூற்றிருபதையும் ஏற்றிக்கொண்டு போனது. திங்கட்கிழமை அடுத்த மூட்டை வரும் என்றான் டிரைவர். பெண்கள் இருவரும் ஒன்றும் நடக்காததுபோல் டீ போடப் போனார்கள்.

நான் அந்த ஒட்டுத்துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். மூன்றாவது வீடு தையல்காரனுடையது.

"எங்கம்மாவோடதுதான். இவ்வளவு மடிப்பா இதைப் பார்த்ததே இல்ல." வாங்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "அப்படியே பெரியவரே, உங்ககிட்ட ஏணி இருக்குதாமே?"

எனக்குத் தெரியாதா? கடைக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துசேரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். போகிற வழியில் ஏணிக்கும் சுவரில் ஒரு கோடு போடவேண்டும். ஒருநாள் துணி காயப்போட்டதை வைத்து மனிதர்களை நம்பிவிட முடியுமா?