இருபது ஆம்பியர் பியூஸ்

தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. முத்தியால்பேட்டையில் ஜீனத்துன்னிசாவின் மாவு மில் வாசலில், ஊறவைத்து வடித்த அதிரச அரிசியோடு பதினைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். விடிந்ததிலிருந்து மூன்று முறை பியூஸ் போய்விட்டது.

கணவர் இறந்ததிலிருந்து நான்கு வருடமாக மில்லை அவள்தான் நடத்துகிறாள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பலில் வந்த மோட்டார். அதோடு வந்த பீங்கான் பியூஸ்களில் கடைசியும் முந்தாநாள் விரிசல் விட்டுப் போனது. எலக்ட்ரீஷியன் கோவிந்தசாமி சென்னைக்குப் போய் அதே இருபது ஆம்பியரில் ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான்.

"மெட்ராஸ் சரக்குக்கா, மூஞ்சப் பாத்தாலே பூடுது," என்று செத்த பியூஸை எறிந்தான். அது இருந்த இடத்தில் செம்புக் கம்பியை மூன்றாக முறுக்கிக் கட்டினான். "இனிமே பொங்கல் வரைக்கும் போவாது, பாரு."

மோட்டார் ஒரு உதறலோடு கிளம்பி ஓடியது. வெளியே பெண்கள் சிரித்தார்கள். ஜீனத்துன்னிசா மட்டும் மோட்டாரிலிருந்து கல்லுக்கு ஓடும் பட்டையைப் பார்த்தபடி நின்றாள். மூன்று பியூஸும் அந்த உதறலில்தான் போயின. அரைக்கும்போது ஒன்றுகூடப் போகவில்லை. பழைய பீங்கான் பியூஸ்கள் தினமும் அந்த உதறலைப் பொறுத்துக்கொண்டன. போன வருடம் அரைக்கும் கல்லிடுக்கில் ஆணி சிக்கி மோட்டார் சுற்ற முடியாமல் முக்கியபோது மட்டும் ஒன்று உருகி, மோட்டாரைக் காப்பாற்றியது.

"கோவிந்தசாமி, கடையில மோட்டாருக்குன்னு சொல்லிக் கேட்டியா?"

"இருபதுன்னு கேட்டேன். இருபதுன்னா எல்லாம் இருபதுதானக்கா!"

"வெளக்குக்குப் போடுறத குடுத்துட்டான் போல. அது ஒடனே போயிடும். மோட்டாருக்குன்னா கொஞ்சம் தாங்கிப் போறது வேணும். இந்தக் கம்பி எப்பவுமே போவாது. இன்னொரு ஆணி வந்தா மோட்டாருல்ல கருகும்?"

அவன் வாசலைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா எங்கிட்டயே தொழில் சொல்லுது."

அவளுக்குக் காது சூடானது. தான் சொன்னது சரி என்று தெரிந்தது. தெரிந்தும், அது தப்பாக இருந்துவிடாதா என்று மனம் தேடுவதையும் கவனித்தாள். தப்பென்றால் பேசாமல் இருந்துவிடலாம். கருவி பிடித்த ஆண்களுக்குத் தலையாட்டுவது இந்த நான்கு வருடத்தில் பழகிப்போயிருந்தது. ஆனால் கருகினால், அந்த மோட்டாரின் கம்பிச் சுருளை மறுபடி கட்டத் தெரிந்தவர் ஊரில் யாருமில்லை.

மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். கல் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

"யாம்மா, ஊறுன அரிசி புளிச்சிப் போவாதா?" பக்கத்துக் கதிர்காமத்திலிருந்து வந்த கொளஞ்சி கத்தினாள்.

"புளிக்கும். பக்கத்துல சாரத்துல இருக்கற மில்லுக்குப் போங்க. நாளைக்குச் சாயங்காலந்தான் இங்க ஓடும்."

"ஒன்ன நம்பி நடந்து வந்தேன் பாரு! ஒலக்கையிலயே இடிச்சிக்கிறோம், வாங்கடி. நீ மோட்டார மடியில வச்சிக் கொஞ்சிக்கினு கெட!"

கூடைகள் போயின. கோவிந்தசாமி கம்பியை அவிழ்த்து முகத்தைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினான். மறுநாள் மாலை மோட்டாருக்கானதைக் கேட்டு வாங்கி வந்தான். மாட்டினான். மோட்டார் உதறியது. பியூஸ் தாங்கியது.

தீபாவளிக்கு முதல் நாள் கொளஞ்சி வேறொரு கூடையோடு வந்து, முறுக்குக்கு மாவு நைசாக வேண்டும் என்றாள். உலக்கையைப் பற்றி அவளும் பேசவில்லை, கூட வந்த மற்றப் பெண்களும் பேசவில்லை. இனி யாருமே வரமாட்டார்கள் என்று பயந்து இரண்டு நாளாகத் தான் கிடந்த கிடப்பை ஜீனத்துன்னிசா நினைத்துப் பார்த்தாள். அவர்களுக்கு அது ஒரு காலைப் பொழுது வீணானது, அவ்வளவுதான். தான் அவ்வளவு பயந்து செய்தது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்பதில் அவளுக்குச் சிறிது ஏமாற்றமாகக்கூட இருந்தது. கூடையை வாங்கிக் கல்லில் கொட்டினாள்.