மூன்றாம் வாயில் வழியாகப் போன பாட்டு

திறந்தவெளி இசைவிழாவின் பன்னிரண்டாம் ஆண்டு, இரண்டாம் நாள் மாலை ஐந்தேகாலுக்கு, பாட்டு மேடையை விட்டு இறங்கி மூன்றாம் வாயில் வழியாக வெளியே போனது. பாடகி அப்போது பல்லவியை இரண்டாம் முறை எடுத்திருந்தார். வாய் அசைந்தது, விரல்கள் தந்திகளில் ஓடின, மேளக்காரர் வியர்வை வழிய அடித்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் பொட்டுச் சத்தம் இல்லை. ஒலிபெருக்கிகளில் ஏறிப் பார்த்த தொழிலாளிகள், எல்லாக் கம்பியும் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் வாயில் காவலாளி மட்டும் தன் அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினார்: பாட்டு வெளியே சென்றது, வருகிறவர்களைத் தடுக்கத்தான் எனக்கு உத்தரவு, போகிறவர்களைத் தடுக்க உத்தரவு இல்லை.

பாட்டு போனது கண்டக்டரம்மாவின் பின்னால். முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்தில் டிக்கெட் கிழித்து, முழங்கால் தேய்ந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தப் பாடகியின் குரலை அத்தனை வருடமும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து ரேடியோவில், இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே, பாதிப் பாதியாகக் கேட்டவர். ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகள் அந்த விழாக் கம்பெனியின் புகார்ப் பிரிவில்தான் வேலை பார்த்தாள். ஆனால் ஊழியர் குடும்பத்துக்குத் தனி வழி கிடையாது என்பது விதி. அதனால் கண்டக்டரம்மா எல்லோரையும் போலப் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, ‘உங்களுக்கு முன்னால் 41,206 பேர் காத்திருக்கிறார்கள்’ என்று வந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டுக்கு ஒரு கட்டணம், அதை வாங்கியதற்கு ஒரு கட்டணம், வாங்கியதை உறுதி செய்ததற்கு ஒரு கட்டணம். கடைசியில் கிடைத்தது, நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் போனில் தோன்றி மறையும் ஒரு கறுப்புக் கட்டம்.

அந்தக் கட்டத்தைத்தான் மூன்றாம் வாயில் மெஷின் பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டது. ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டார் என்று காட்டியது.

“நான் உள்ள இருக்கேன்னா இங்க நிக்கிறது யாரு?” என்று கேட்டார் கண்டக்டரம்மா.

“சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது மேடம்,” என்றார் காவலாளி.

“அப்ப உள்ள இருக்கிற என்னைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. நான் அவகிட்ட பேசிக்கிறேன்.”

காவலாளி நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓரமாக நிற்கச் சொன்னார். ஓரத்தில் ஏற்கெனவே ஆட்கள் நின்றார்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகியவர், போனில் சார்ஜ் தீர்ந்தவர், மனைவிக்கு விளக்கு பச்சையாகித் தனக்குச் சிவப்பான புது மாப்பிள்ளை. பழக்கதோஷத்தில் கண்டக்டரம்மா தலைகளை எண்ணினார். நூற்று அறுபத்து மூன்று. வேலி இடுக்கு வழியே மைதானம் தெரிந்தது. முதல் சில வருடங்களில் எள் போட்டால் எள் விழாத இடம் அது. பிறகு கூட்டம் குறையக் குறையக் கம்பெனி கட்டணத்தை ஏற்றியது, கட்டணம் ஏற ஏறக் கூட்டம் குறைந்தது. இப்போது பாதி நாற்காலிகளுக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள், படத்தில் வெறுமை தெரியாமல் இருக்க. டிக்கெட் தீர்ந்துவிட்டது என்ற பலகை வாயிலில் தொங்கியது. காலியாக ஓடுகிற வண்டி நிறுத்தத்தில் நிற்காமல் போவதை அவர் பார்த்திருக்கிறார். அந்த மாதிரி டிரைவர்களோடு சண்டை போட்டுத்தான் அவர் குரல் கட்டையானது. ஐந்தேகாலுக்கு அவர், உட்கார்ந்திருந்த கல்லிலிருந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். “இப்படிக் கெஞ்சிக் கேக்கிற பாட்டு எனக்கு வேணாம்,” என்று மெஷினைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பாட்டு ஒரு கை தூரத்தில் பின்தொடர்ந்தது. அவர் திரும்பிய தெருவில் திரும்பியது, அவர் சோப்பு வாங்க நின்ற கடையில் நின்றது. நூற்று அறுபத்து மூன்று பேரும் அதன் பின்னால் வந்தார்கள். கடைக்காரர் சோப்புக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, மேளம் போக வழிவிட்டு சைக்கிளை நகர்த்திவைத்தார். மூன்றாம் மாடி வீட்டில் கண்ணாடிக் கடைக்காரரான அவர் கணவர் கதவைத் திறந்து, மனைவியையும், படிக்கட்டு நிறைய ஆட்களையும் பார்த்தார். “டிக்கெட் கிடைச்சுதா?” என்று கேட்டார். “கிடைக்கல,” என்றார் அவர். பாட்டு வீட்டுக்குள் நுழைந்து, இருந்த மூன்று அறைகளிலும் பரவி, மிச்சம் படிக்கட்டில் வழிந்தது. கண்டக்டரம்மா சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, நீட்டிய காலைத் தடவிக்கொண்டே, முப்பத்தோரு வருடமாகக் கேட்காமல் போன பாதிகளை எல்லாம் கேட்டார்.

புகார்ப் பிரிவுக்கு அந்த வாரம் ஏழாயிரம் கடிதங்கள் வந்தன. மகளுக்கு அனுமதிக்கப்பட்ட பதில்கள் மொத்தம் நான்கு; எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. கம்பெனி ஐந்தாவதாக ஒன்றை எழுதிக் கொடுத்தது: நிகழ்ச்சி நடைபெற்றது, அது காதில் விழும் என்று எங்கும் உறுதியளிக்கப்படவில்லை. மறுவருடம் விழாவை மௌன அனுபவம் என்று பெயர் மாற்றி விற்றார்கள். வந்தவர்கள் சொற்பம். மேடையில் பாடியது எல்லாம், வெளிநாட்டுக் குழுவின் பத்து ஊதுகொம்புகள் உட்பட, மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் நாள் பாடகியே வந்தார். படிக்கட்டில் ஆட்களோடு ஆளாக உட்கார்ந்து, சற்று முன் தான் பாடியதைக் கேட்டார். ஒரு சரணத்தில் சுருதி இறங்கியதாக வருத்தப்பட்டார். கண்டக்டரம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, தனக்கு அப்படித் தெரியவில்லை என்றார்.

அதன் பிறகுதான் மேலாளர் வந்தார். வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். ஆயுள் முழுக்க இலவச அனுமதி, முன்வரிசை நாற்காலி, பொன் நிறத்தில் ஒரு கைப்பட்டை. பதிலுக்குப் பாட்டைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

“நான் ஒண்ணும் கூட்டிட்டு வரலையே சார், அதுவா வந்துச்சு,” என்றார் கண்டக்டரம்மா. “அன்னைக்கு வாசல்ல நூத்தி அறுபத்து மூணு பேரு நின்னாங்க. அவங்களை முதல்ல உள்ள விடுங்க. அப்புறம் காசு குடுத்தவங்க கையில ஒரு சீட்டு. காகிதத்துல. பேரு வேணாம், கட்டம் வேணாம். வந்தா ஏத்திக்கணும், அவ்வளவுதான்.”

“அது விதிகளுக்கு ஒத்து வராதும்மா.”

“அப்ப பாட்டுக்கும் ஒத்து வரல போலிருக்கு.”

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மகள் வெடித்தாள். “உன் ரோஷத்துக்கு என் வேலை போயிடும்மா. அவரு என்னைக் கூப்பிட்டு, உங்கம்மாவுக்கு எடுத்துச் சொல்லுன்னு சொல்றாரு. என் சம்பளத்துலதான் வாடகை குடுக்கிறோம், ஞாபகம் இருக்கா?” கண்டக்டரம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. ராத்திரி பகலாகப் படித்து வேலைக்குப் போன பிள்ளை. அவர் மகள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். பிறகு, “உன் வேலை போகணும்னு நான் நினைப்பேனா? ஆனா கை காட்டின ஆளை விட்டுட்டுப் போக எனக்கு வராது கண்ணு. நீ அவருகிட்ட என்னைத் திட்டிச் சொல்லு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்,” என்றார். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். இரண்டு மாதம் இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. கண்ணாடிக் கடைக்காரர்தான் அங்கும் இங்கும் செய்தி சுமந்தார்.

மூன்றாம் வருடம் கம்பெனி பாடகர்களை மட்டும் மைதான மேடைக்கு அனுப்பிவிட்டு, அங்கே டிக்கெட் விற்கவில்லை. அந்த அடுக்குமாடியைச் சுற்றி இரும்புத் தடுப்பு போட்டு, வாசலில் மெஷினை நிறுத்தி, படிக்கட்டுக்கு டிக்கெட் விற்றது. மேல்படிக்கு ஒரு விலை, கீழ்ப்படிக்கு ஒரு விலை. மாடித் திருப்பத்தில் நிற்பவர்களுக்குப் பார்வை மறைக்கப்படலாம் என்ற எச்சரிக்கை. குடியிருப்பவர்கள் கைப்பட்டை அணிய வேண்டும், இல்லையென்றால் போனில் கட்டத்தைக் காட்ட வேண்டும் என்றார்கள். சண்டைக்குப் போன கீழ்வீட்டு ஆசிரியருக்கு, எத்தனை தடவை காட்டினாலும் சிவப்பு விளக்கே எரிந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொண்டார். வாசலில் மெஷினோடு நிற்க மேலாளர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது மகளை.

மாலை ஐந்து மணிக்குக் கண்டக்டரம்மா கணவரின் கடையிலிருந்து நடந்து வந்தார். கையில் காய்கறிப் பை. கைப்பட்டை இல்லை. தடுப்புக்கு வெளியே முன்னூறு பேருக்கு மேல் நின்றார்கள், கட்டம் தோன்றாதவர்களும், தோன்றியும் சிவப்பானவர்களும். அவர்கள் விலகி வழிவிட்டார்கள். மேலாளர் பத்தடி தள்ளி நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மெஷினை நீட்டினாள். கண்டக்டரம்மாவின் போனைக் காட்டச் சொன்னாள். ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று மெஷின் சொன்னது.

“சொல்லு,” என்றார் கண்டக்டரம்மா, குரலை உயர்த்தாமல். “உன்கிட்ட பதில் இருக்கு இல்ல. எனக்கு எதைச் சொல்லப் போற?”

மகள் மெஷினைப் பார்த்தாள். அம்மாவின் வீங்கிய முழங்காலைப் பார்த்தாள். வெளியே நின்றவர்களில் எத்தனை பேருக்குத் தன் விரலாலேயே அந்த நான்கு பதில்களைத் தட்டி அனுப்பியிருப்போம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பின்னாளில் கேட்டபோது, எதுவும் தோன்றவில்லை, பை கனமாக இருந்தது, அதை வாங்கப் போனேன் என்றுதான் சொன்னாள். பையை வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மெஷினைத் தரையில் வைத்தாள். பையைச் சுவரோரம் சாய்த்தாள். பிறகு இரும்புத் தடுப்பை அதன் காலிலிருந்து கழற்றித் தூக்கி, ஆள் உயரத்துக்கு மேல் இருந்த அதைத் தனியாகவே இழுத்துப் போய், மேலாளரின் கார் கதவின் மேல் சாத்திவிட்டு வந்தாள். “வேலை வேண்டாமா உனக்கு?” என்றார் மேலாளர். “இந்த வேலை வேண்டாம் சார்,” என்றாள் மகள். இரண்டாவது தடுப்பைக் கழற்ற அவளுக்கு முன்னூறு பேர் கை கொடுத்தார்கள்.

பாட்டைத் திருடிவிட்டார்கள் என்று கம்பெனி போலீஸுக்குப் போனது. இன்ஸ்பெக்டர் வந்து, திருடுபோன பொருளின் நீள அகலம் என்ன என்று கேட்டார். மேலாளரால் சொல்ல முடியவில்லை. இன்ஸ்பெக்டர் மாடித் திருப்பத்தில் நின்று இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, பொருள் உரிமையாளரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டதாக எழுதிக் கோப்பை மூடினார். நான்காம் வருடம் விழா நடக்கவில்லை. மைதானத்தில் புதுக் கார்களை நிறுத்தினார்கள். மகளுக்குப் போக்குவரத்துக் கழகத்தில், பேருந்தில் தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, ஒரு வருடம் போல வாடகைக்குத் திணறினார்கள், கண்ணாடிக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தார். குடைக்கும் ஒற்றைச் செருப்புக்கும் வந்தவர்களிடம், இருக்கு, வந்து வாங்கிக்குங்க என்று சொல்வது அவளுக்குப் பிடித்திருந்தது.

மேடை இல்லாமல் போனாலும், வருடாவருடம் விழா நடந்த அந்த மூன்று நாளும் பாட்டு வராமல் இருக்கவில்லை. யார் பாடுகிறார்கள், எங்கிருந்து வருகிறது என்று முதல் சில வருடங்கள் பேசினார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். கட்டடச் செயலாளராகிவிட்ட கீழ்வீட்டு ஆசிரியர், தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளை அறிவிக்கும் பலகையிலேயே இதையும் எழுதினார்: மூன்று நாளும் மாலை ஐந்தேகால் முதல் பாட்டு உண்டு, படிக்கட்டில் செருப்பு விடாதீர்கள்.

போன வருடம் இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, கையில் போனோடு மேலே வந்து, டிக்கெட் எங்கே எடுப்பது என்று கேட்டாள். படிக்கட்டு அதற்குள் நிறைந்துவிட்டது. கண்டக்டரம்மா வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தார். “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா,” என்றார். “கொஞ்சம் உள்ள தள்ளி நில்லு. பின்னால ஆளு வருது.”

அவள் உள்ளே தள்ளி நின்றாள். மேளம் அவளைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனது.