அரை வினாடித் திருத்தம்

வி.ஆர். கண்ணாடியைத் தலையில் மாட்டினால் உள்ளே ஓர் அறுவை அரங்கு தெரியும். நர்ஸுகளின் பயிற்சிக்காக நாங்கள் செய்தது. கருவி எதையாவது எடுக்க, கைப்பிடியை அதை நோக்கி நீட்டவேண்டும். நீலக் கதிர் ஒன்று போய் அதைத் தொடும். உடனே பொத்தானை அழுத்தவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அழுத்துகிற நொடியில் கை அசைந்துவிடும். கத்தியைக் குறிவைத்தால் பக்கத்துக் கத்தரி வந்து நிற்கும். எப்பேர்ப்பட்ட கைக்கும் இதே கதிதான். இந்த அற்ப விஷயத்தோடு எட்டு மாதம் மல்லுக்கட்டினேன்.

கடைசியில் வழி கிடைத்தது. அழுத்திய நொடியை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய அரை வினாடியில் கதிர் எதன்மேல் அதிகம் கிடந்ததோ அதையே கையில் கொடுக்கும்படி எழுதினேன். கண்ணை உறுத்தாதிருக்க, கதிரின் ஆட்டத்தையும் மறைத்துவிட்டேன். மேலதிகாரி அதைத் தன் யோசனை என்று சொல்லித் திரிய ஆரம்பித்தார். நல்ல யோசனைதான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

சோதித்துப் பார்க்க அக்காவைக் கூப்பிட்டேன். பதினாறு வருடமாக அறுவை அரங்கில் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவள். வலது கை நடுங்குகிறதென்று மூன்று மாதமாக விடுப்பில் இருந்தாள். நடுங்கும் கை ஒன்று சோதனைக்குச் சும்மா கிடைக்கிறதே என்றுதான் என் புத்தி போனது.

நான் பெயர் சொல்லச் சொல்ல அவள் எடுத்தாள். இருபதுக்கு இருபது.

"பாத்தியாடா? ஒண்ணுகூடத் தப்பல!" கண்ணாடியைக் கழற்றியவள் முகமெல்லாம் சிரிப்பு. "கை சரியாயிடுச்சு. திங்கக்கிழமையே வேலைக்கு வர்றேன்னு சொல்லிடறேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். திங்கட்கிழமை அவள் அரங்கின் அறுவை மேசையில் படுக்கப்போகிற நோயாளி எனக்கு யாரோ எவரோ.

"இன்னொரு தடவை பண்ணுக்கா."

"எதுக்குடா?"

"சும்மாதான்."

அவள் மறுபடி மாட்டிக்கொள்ள, திருத்தத்தை அணைத்தேன். இருபதுக்கு ஏழு. திருத்தம் இல்லாவிட்டாலும் நடுங்காத கைக்குப் பதினைந்துக்குக் குறையாது.

"உன் மெஷின் கெட்டுப்போச்சு" என்றாள்.

"மெஷின் ஒழுங்காத்தான் இருக்கு. முன்னாடி நடுங்கினதை எல்லாம் அதுவே சரிபண்ணிடுச்சு. அப்படித்தான் எழுதியிருந்தேன்." என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"கடைசியா பஞ்சுதானே கேட்ட? என்ன குடுத்தேன்?"

"கத்தி."

 அவள் போனுக்காகக் கையை நீட்டித் துழாவினாள். நான் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தலைமை நர்ஸை அழைத்தாள்.

"ஆபரேஷன் தியேட்டருக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க. நான் வார்டுக்கு மாறிக்கறேன்" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். "இல்லைங்க, யாரும் சொல்லல. நானே பாத்துட்டேன்."