மூன்றாவது வகைக் கணினி

கணவர் இறந்து நான்கு மாதம் கழித்து, அவர் எழுதிய மென்பொருளைச் சோதிக்கும் வேலை மறுபடி அவளிடமே வந்தது. மூன்று வகைக் கணினிகளிலும் ஓடும் மென்பொருள் அது. கோப்புகளை நகலெடுத்துப் பத்திரப்படுத்தும். அவர் எழுதுவார், அவள் குறை கண்டுபிடிப்பாள். ஆபீசில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பேர் வைத்ததே அவர்தான்.

மூன்றாவது வகையான அவருடைய பழைய கணினியில் விருந்தினர் கணக்கில் நுழைந்தாள். கடவுச்சொல் கேட்காத கணக்கு; அதற்கு யாருடைய கோப்பும் தெரியக் கூடாது. நகல்கள் இருந்த இடத்தைத் தட்டினாள். திறந்துகொண்டது. அவர் கடிதங்கள், மகளின் மழலைப் பதிவுகள், எல்லாம்.

"என்ன அண்ணி இது?" பக்கத்து மேஜையிலிருந்த கொழுந்தன் எழுந்தே விட்டான்.

மற்ற இரண்டு வகைகளிலும் பார்த்தாள். பூட்டியிருந்தது. நிரலைத் திறந்து பார்த்தாள். இந்த வகைக்கு மட்டும், யார் படிக்கலாம் என்ற வரியை அவர் எழுதவே இல்லை. எழுதாவிட்டால் எல்லோரும் படிக்கலாம் என்று அர்த்தம். அந்த இடத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "பூதக்கண்ணாடி வந்து பாக்கட்டும். இன்னிக்கு லீவு." தேதியைப் பார்த்தாள். மகள் பிறந்த அன்று எழுதியது.

ஏழு வருடம். அந்த மென்பொருள் ஓடும் ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள், அவள் கேள்விப்பட்டே இராத ஊர்கள். முன்பின் தெரியாத லட்சம் பேருடைய அந்தரங்கம், மகள் தவழ்ந்து நடந்து பள்ளிக்குப் போன காலம் முழுக்க, தாழில்லாக் கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

"சத்தமில்லாம சரிபண்ணிடலாம் அண்ணி. ஊர் பூரா அண்ணன் பேரு நாறணுமா?"

"சொல்லலேன்னா யாரு தம்பி சரிபண்ணின புதுசைப் போட்டுக்குவாங்க? தெறந்தேதானே கெடக்கும்?"

"அண்ணன் இருந்தா..."

"இருந்தா என்னைத்தான் திட்டுவாரு. அன்னிக்குப் பாத்துதான் பிள்ளை பெத்துக்கணுமான்னு."

அவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

விட்டுப்போன அந்த ஒரு வரியை எழுதினாள். எல்லோரையும் எச்சரிக்கும் அறிக்கையில், மென்பொருளை எழுதியவர் என்று அவர் பேரைப் போட்டாள். சோதிக்காமல் விட்டவர் என்று படிவத்தில் இடமில்லை. அவளே ஒரு வரி சேர்த்துத் தன் பேரை எழுதி அனுப்பினாள்.

மறுநாள், புதுசைப் போட்டுக்கொண்டவர்களின் எண்ணிக்கை திரையில் ஓடியது. பத்தாயிரம், நாற்பதாயிரம், ஒரு லட்சம். எங்கெங்கோ கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தன. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர் கணினியிலும் அதே விருந்தினர் கணக்கில் தட்டிப் பார்த்தாள். 'அனுமதி இல்லை.'

"ஐயோ, பாஸ்வேர்டு தெரியுமா அண்ணி?"

"மக பொறந்த தேதிதான். மாத்துங்கன்னு எத்தனை சண்டை போட்டிருப்பேன்!"