மச்சான் மாட்டிய ஆக்ஸில்

எங்கள் பழைய பிக்கப்புக்குச் செங்கல்லைக் கண்டாலே இடுப்பு ஒடியும். மூன்றாவது முறையாகப் பின் ஆக்ஸில் உடைந்ததும் என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஐந்நூறு கல்லோட நம்ம வீட்டு மேட்டுல ஏறணும். இல்லேன்னா காயலான் கடைதான்."

அவள் தம்பி வெல்டர். நானும் அவனும் உடைத்துப்போட்ட லாரி ஒன்றின் தடித்த ஆக்ஸிலை வாங்கி, வெட்டி, ஒட்டி மாட்டினோம். இரண்டு நாளும் வண்டிக்கு அடியில் மல்லாந்தே கிடந்ததில் மச்சானுக்கு மேல் எது, கீழ் எது என்பது கொஞ்சம் மாறிப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கல்லை ஏற்றி முதல் கியர் போட்டேன். வண்டி பின்னால் போனது. இரண்டாவது போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. வாங்க வந்திருந்த காயலான் கடைக்காரர் வேலிமேல் ஏறிக்கொண்டார்.

"டேய் மச்சான், ஆக்ஸிலத் தலைகீழா மாட்டிட்டியாடா?"

"அத்தான், நாலு ரிவர்ஸ் கியர் ஊர்ல யாருக்கு இருக்கு? வண்டியத் திருப்பி ஏத்துங்க!"

ரிவர்ஸைப் போட்டு முன்னால் போய்த் திருப்பினேன். பிறகு பிக்கப் பின்பக்கமாகவே மேட்டில் ஏறியது. என் மனைவி எனக்கு எதிரே நடந்து, முன் கண்ணாடி வழியாக என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். உச்சியை அடைந்த பிறகும் வண்டி ஆகாயத்தில் ஒரு முழம் ஏறியது. அதை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை.

மூச்சு வாங்கி நின்றவள் காயலான் கடைக்காரரைப் போகச் சொன்னாள்.

"வழி முழுக்க மூஞ்சியப் பாத்துத் திட்ட முடியுது. வண்டி இருக்கட்டும்."