பன்னிரண்டுக்குப் பிறகு தண்ணீர்

முட்டை கைதவறித் தரையில் விழுந்ததும் அநேஷ்கா அழவில்லை. இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, மேஜைக்கும் அடுப்புக்கும் நடுவே குந்திவிட்டாள்.

வெந்துலாவின் கை அப்போது ஓங்கியபடி நின்றது. ஈஸ்டருக்கு முந்தின அந்தச் சனிக்கிழமை அவித்து, மெழுகால் பூ எழுதி, வெங்காயச் சருகுச் சாயத்தில் போட்டெடுத்து, கொழுப்புத் தடவி மெருகேற்றிய முட்டை அது. அரைமணி நேர வேலை பாழாகிவிட்டது என்று வந்த கோபம், மகள் குந்தியிருந்த விதத்தைப் பார்த்ததும் போன இடம் தெரியவில்லை. கையைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

அநேஷ்கா விரலிடுக்கில் எட்டிப் பார்த்தாள். அடி விழவில்லை என்று உறுதியானதும் எழுந்து போய், கூடையிலிருந்த முட்டைகளில் அழகானதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்து நீட்டினாள்.

"இந்தாம்மா. இது நல்ல முட்டை. கோவப்படாத."

ஆறு வயதுப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், செக் நாட்டின் அந்த மொராவியக் கிராமத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? வருஷா வருஷம் கண்ணால் பார்ப்பதுதானே.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை காலையில் ஆண்கள் பச்சை வில்லோ மரக் குச்சிகளைப் பின்னிச் சாட்டை செய்துகொண்டு வீடு வீடாக வருவார்கள். முட்டை கேட்டுப் பாட்டுப் பாடி, வீட்டுப் பெண்களைக் காலிலும் முதுகிலும் சாட்டையால் தட்டுவார்கள். பெண்கள் வருஷம் முழுக்க வாடாமல் இருப்பதற்காம். தட்டு வாங்கியவள் சிரிக்க வேண்டும், வண்ண முட்டை கொடுக்க வேண்டும், பிளம்ஸ் சாராயம் ஊற்ற வேண்டும், சாட்டையில் ரிப்பனும் கட்டிவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது விளையாட்டுதான். மத்தியானச் சாப்பாட்டோடு மறந்துபோகும்.

வெந்துலா பிறந்த வீட்டில் அது மறந்துபோகவில்லை. அவள் அப்பா போஹுஷ் திங்கள் மாலை சாட்டையைக் கொண்டுவந்து அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவார். அடுத்த ஈஸ்டர் வரை அது அங்கே சும்மா தொங்கிக்கொண்டிருக்கவில்லை. பால் சிந்தினால் அடி. எதிர்த்துப் பேசினால் அடி. பேசாமல் நின்றால் திமிர் என்று அடி. முடித்ததும், "என்ன சொல்லணும்?" என்பார். நன்றி சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே வெந்துலா அதைப் பழகிவிட்டாள்.

கல்யாணத்துக்குப் பின், கணவன் ராதெக்கிடம் சாட்டை கிடையாது. அந்த விஷயத்தில் அவன் சிக்கனக்காரன், வெறுங்கையே போதும் என்பான். ஊரில் அவனைப்போல் நல்லவன் இல்லை. யாருடைய டிராக்டர் படுத்துக்கொண்டாலும் கூலி வாங்காமல் எழுப்பிவிடுவான். வீட்டில் மனைவியைப் படுக்க வைப்பான். அடித்து ஓய்ந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மாட்டுக்கொட்டிலில் வைத்துத் தன் அப்பா பெல்ட்டால் விளாசிய கதையைச் சொல்லி அழுவான். வெந்துலா வீங்கிய கன்னத்தோடு அவன் கண்ணைத் துடைத்துவிட்டுப் பூண்டு சூப் வைப்பாள். குடித்து முடித்து, "உப்பு கொஞ்சம் கம்மி" என்பான்.

இதையெல்லாம் அவள் பொறுமை என்று நினைத்திருந்தாள். இப்போது அந்தப் பொறுமை ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றது.

வெந்துலா தரையில் உட்கார்ந்தாள். "நீ எனக்கு முட்டை குடுக்க வேண்டாம் கண்ணு. கை ஓங்கினது நான். தப்பு என்னோடது."

அநேஷ்கா யோசித்தாள். "அப்ப நீதான் எனக்குத் தரணும்."

நியாயமான பேச்சு. வெந்துலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து மகள் கையில் வைத்தாள். இந்தப் பிள்ளை இன்னொரு தடவை தலையைப் பொத்தக்கூடாது, என் கையாலும் சரி, எவன் கையாலும் சரி என்று அப்போது தீர்மானித்தாள்.

பக்கத்து வீட்டு க்வேத்தா ஊருக்குத் தபால் கொடுப்பவள். ஊர்ச் செய்தி கடிதத்துக்கு முன்பே அவளிடம் வந்துவிடும். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று வெந்துலா சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"கிளம்பிப் போகப்போறியா நீ? வீடு யாரோடது?"

"சித்தி எனக்கு எழுதி வச்சது."

"அப்புறம் நீ ஏண்டி போற? முறை முறைன்னு பேசுறவனுங்களுக்கு முறையாலயே பதில் சொல்லு. பன்னிரண்டு வரைக்கும்தான் அவனுங்க சாட்டை. அதுக்கப்புறம் வர்றவனுக்கு என்ன?"

"தண்ணி."

"அதுவும் உங்கப்பன் பேசுற முறைதானே."

அது உண்மை. திங்கள் மத்தியானம் கோயில் மணி அடித்த பிறகு சாட்டையோடு வருகிறவன் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டப் பெண்களுக்கு உரிமை உண்டு. விவரமான ஆண்கள் பன்னிரண்டுக்கு முன்பே வீடு சேர்ந்துவிடுவார்கள்.

அந்த வருஷம் ஈஸ்டர் ஞாயிறன்றே கோடைக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் நாளும் வந்தது. வெந்துலா அடுக்களைக் கடிகாரத்தை மாற்றினாள். கைபேசிகள் தாமாகவே மாறிக்கொண்டன. ராதெக் கையிலிருந்தது அவன் அப்பாவின் கைக்கடிகாரம், சாவி கொடுத்தால் ஓடுவது. ஞாயிறு முழுக்கத் தூங்கி எழுந்து, தின்று, இரவு கட்டிலில் உட்கார்ந்து அதற்குச் சாவி கொடுத்தான். வெந்துலா பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல மனைவி ஞாபகப்படுத்தியிருப்பாள். அவளுக்கு அன்று நல்ல மனைவியாக இருக்க நேரமில்லை.

திங்கள் காலை ஏழுக்கு போஹுஷும் ராதெக்கின் சிநேகிதர்கள் இரண்டு பேரும் கதவைத் தட்டினார்கள். ராதெக் கண்ணைக் கசக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து, "என்ன மாமா, இம்புட்டு சீக்கிரம்? வயசானா தூக்கம் வராதோ?" என்றான். போன வருஷம் ஒயின் பீப்பாயில் கைபேசியை முங்கவைத்த அனுபவத்தில் இந்த வருஷம் அதை வீட்டிலேயே வைத்துவிட்டான்.

போஹுஷ் மகள் முதுகில் சாட்டையால் தட்டினார். "முறைன்னா முறைதான்மா." பிறகு பேத்தியைத் தேடினார்.

வெந்துலா நடுவில் வந்து நின்றாள். "அவளுக்கு வேண்டாம்பா."

"ஏன், நான் தட்டி வளத்ததுல நீ நல்லா வளரலையா?"

"வளர்ந்தேன்பா. அதான் சொல்றேன்."

கிழவருக்கு விளங்கவில்லை. முட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"என் வீட்டை நான் கடைசியாத்தான் பாப்பேன் மாமா," என்று ராதெக் கண்ணடித்தான். "நல்ல பலகாரத்தைக் கடைசிலதானே திங்கணும்."

அவர்கள் போனதும் வெந்துலா பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி அவன் சட்டை, காலுறை, கம்பளிக் கோட்டு எல்லாவற்றையும் மடித்து அடுக்கினாள். பல்துலக்கியைக்கூட மறக்கவில்லை. பெட்டியை வாசல் கேட் ஓரமாக வைத்தாள். அப்புறம் கிணற்றுக்குப் போனாள். அவசரத்தில் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியது. இன்னொரு தடவை போய் நிரப்பி வந்தாள்.

ராதெக் வந்தபோது தெருவில் பெண்கள் ஆளுக்கொரு வாளியோடு நின்றிருந்தார்கள். மணி அடித்தபோது அவன் ஒயின் நிலவறைக்குள் பாடிக்கொண்டிருந்தான். சாட்டையில் ஏழெட்டு ரிப்பன்கள் ஆடின. பின்னால் போஹுஷும் சிநேகிதர்களும், கொட்டப்போகும் வேடிக்கை தெரிந்து, கொஞ்சம் தள்ளியே வந்தார்கள்.

"வெந்துலா, வா வெளிய. உனக்குத்தான் பாக்கி."

அவள் படியில் வந்து நின்றாள். "மணி என்ன?"

அவன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். "பதினொன்னேகால்."

"அப்பா, நீங்க சொல்லுங்க."

போஹுஷ் இருமினார். ஊரில் முறைக்கு அவர்தான் காவல்காரர், பொய் சொல்ல வாய் வரவில்லை. "நேத்து மணியை மாத்திட்டாங்க மாப்ள. பன்னிரண்டேகால் ஆச்சு."

சிநேகிதர்கள் சிரித்தார்கள். ராதெக்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பை வெந்துலாவுக்குத் தெரியும். வாய் சிரிக்கும், காது சிவக்கும். விளையாட்டுக்குத் தட்டுகிறவனின் சாட்டை மணிக்கட்டிலிருந்து எழும். இவனுடையது தோளிலிருந்து எழுந்தது.

வெந்துலா வாளியைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

சாட்டை கீழே விழுந்தது. ராதெக்கின் இரண்டு கைகளும் தலையைப் பொத்தின. அவ்வளவு பெரிய ஆள் முழங்கால் மடங்கிக் குந்தினான்.

"அப்பா, வேணாம்பா," என்றான்.

கதவோரம் நின்ற அநேஷ்கா ஆச்சரியமாகச் சொன்னாள்: "அம்மா, அப்பா என்னை மாதிரியே பண்றாரு."

போஹுஷ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். வெந்துலாவிடம் பழைய இரக்கம் எட்டிப் பார்த்தது. பாவம், என்ன அடி வாங்கினானோ என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் பூண்டு சூப்பின் வாசனையும் தோன்றியது. இந்த இரக்கத்தை வைத்துத்தானே பத்து வருஷமாக அவனுக்குச் சூப் வைத்தாள். அவள் இரக்கத்தை இறக்கி வைத்தாள். வாளியை இறக்கவில்லை.

"உன்ன உங்கப்பா அடிச்சது தப்பு ராதெக். அதுக்கு நான் நிறைய அழுதாச்சு. என்னை நீ அடிச்சதுக்கு இன்னும் யாரும் அழல." பிறகு போஹுஷைப் பார்த்தாள். "முறைன்னா முறைதான்பா."

கிணற்றுத் தண்ணீர் முழுவதும் அவன் தலையில் இறங்கியது.

ராதெக் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தான். சுற்றிலும் பார்த்தான். பார்க்காத ஜன்னல் ஒன்றுகூட இல்லை. "துணி மாத்தணும். வழிய விடு."

"காஞ்ச துணி பெட்டில இருக்கு. பெட்டி கேட் பக்கம் இருக்கு."

"எத்தன நாளைக்கு?"

"பெட்டி பெருசு."

அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். வேலிக்கு அந்தப்பக்கமிருந்து க்வேத்தா கைபேசியை ஆட்டினாள். "வை தம்பி, இன்னொரு அடி வை. இன்னிக்குத் தபால் கிடையாது, போலீஸுக்குப் பேச எனக்கு நிறைய நேரம் இருக்கு." கொஞ்சம் குரலைத் தணித்து, "பிர்னோ டவுன்ல, இப்படி ஓங்குற கைக்குன்னே வைத்தியர் இருக்காங்க. முகவரி என்கிட்ட கேளு, தபால்காரிதானே நான்," என்றாள்.

"அவங்ககிட்ட போறதும் போகாததும் உன் இஷ்டம்," என்றாள் வெந்துலா. "நீ இங்க வர்றது என் இஷ்டம்."

ராதெக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். சட்டைப் பையிலிருந்து வண்ண முட்டைகளின் சாயம் வழிந்து கால்சட்டையில் இறங்கியது.

போஹுஷ் மட்டும் போகாமல் நின்றார். "ஊர் சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும்பா. அடி வாங்கிட்டுச் சிரிக்க எங்களுக்கு நீங்க சொல்லிக் குடுத்தீங்க. சும்மா நின்னுட்டுச் சிரிக்கிறது அவங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

கிழவர் தன் சாட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கிளம்பினார். அதை இன்று ஆணியில் மாட்டுவாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

வெந்துலா ஈரப் படியில் உட்கார்ந்தாள். அநேஷ்கா பக்கத்தில் வந்து அமர்ந்தாள். சனிக்கிழமை கொடுத்த முட்டையை இன்னும் பத்திரமாகக் கையில் வைத்திருந்தாள்.

"இத யாருக்கும்மா குடுக்கணும்?"

"யாருக்கும் வேண்டாம். நீ சாப்பிடு."

"முழுசுமா?"

"முழுசும்."

அநேஷ்கா முட்டையைப் படி விளிம்பில் ஓங்கித் தட்டினாள். மெழுகால் எழுதிய பூ சில்லுச் சில்லாகச் சிதறி அம்மாவின் பாவாடையில் விழுந்தது. உடனே நிமிர்ந்து அம்மாவின் கையைப் பார்த்தாள். கை மடியிலேயே கிடந்தது.

வெந்துலா எழுந்து உள்ளே போய், உப்பு எடுத்து வந்தாள்.